சார்ட்பிளாட்டரில் ஜிபிஎஸ் சிக்னல் போய்விட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகின் இடத்தை மின்னணு வரைபடத்தில் காட்டும் சார்ட்பிளாட்டரை வைத்திருப்பவர்கள் ஜிபிஎஸ் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேள்வி கேட்பதற்கு முன்பே புது ஆண்டெனா வாங்கி மாட்டிவிட்டவர்களும் அதில் நிறையப் பேர். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். சோதனைகளுக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அளவுகள் எல்லாம் 12 வோல்ட் அமைப்புக்கானவை.

1. “ஜிபிஎஸ் சிக்னல் இல்லைன்னு திரையில வருது. ஆண்டெனா போயிடுச்சா?”

அந்த ஒரு வரி நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கும் பொதுவாக வரும். ஆண்டெனாவுக்கு வானம் தெரியாமல் இருக்கலாம். வானம் தெரிந்தும், பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு கருவியின் மின்காந்த இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கலாம். ஆண்டெனா இடத்தைச் சரியாகக் கணித்தும், அது கேபிள் வழியாகப் பிளாட்டருக்கு வந்து சேராமல் போகலாம். வந்து சேர்ந்தும், பிளாட்டர் வேறொரு மூலத்துக்காகக் காத்துக்கொண்டு இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம்.

இந்த நான்கில் எது என்று தெரிந்துகொள்வதற்கு முன் எதையும் கழற்ற வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஆண்டெனாவே செத்துப்போவதைவிட, அதற்குப் போகும் மின்சாரமும் கனெக்டரும் கெட்டுப்போவதுதான் வழக்கம்.

2. “கடல்ல ஓடிக்கிட்டிருக்கும்போதே போயிடுச்சு. அப்ப என்ன செய்யணும்?”

கோளாறு பார்ப்பதைக் கரைக்குத் தள்ளிவைத்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். ஆட்டோபைலட் பாதையைப் பின்பற்றும் நிலையில் இருந்தால், திசையை மட்டும் பிடிக்கும் நிலைக்கு மாற்றுங்கள், அல்லது சுக்கானைக் கையில் எடுங்கள். பிளாட்டரில் கடைசியாக இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், திசைகாட்டி காட்டும் திசை, வேகம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். அங்கிருந்து கணக்கு எளிது: 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல்மைல், வேகத்தில் 20 நிமிடம் ஓடினால் 2 கடல்மைல். அட்சரேகையில் 1 நிமிடம் என்பது 1 கடல்மைல், அதாவது 1852 மீட்டர். ஆழமானியும் ராடாரும் ஜிபிஎஸ் இல்லாமலே வேலை செய்யும். வரைபடத்தில் உள்ள ஆழத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகலாம்.

பலர் மறப்பது ரேடியோவை. விஎச்எஃப் ரேடியோ தன் இடத்தைப் பிளாட்டரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தால், அபாயப் பொத்தானை அழுத்தும்போது பழைய இடம்தான் போகும். ரேடியோவின் மெனுவில் இடத்தையும் நேரத்தையும் கையால் பதியுங்கள். ஜிபிஎஸ் திரும்பும் வரை 4 மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும். வேகமாக ஓடும் படகானால் இன்னும் அடிக்கடி.

3. “என் பிளாட்டருக்கு ஆண்டெனா எங்க இருக்குன்னே தெரியல.”

மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஆண்டெனாவும் ரிசீவரும் பிளாட்டரின் உடலுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவதில் கூரைமேல் வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும், ரிசீவரும் அந்தக் குமிழுக்குள்ளேயே இருக்கும், கேபிளில் தரவு மட்டும் வரும். மூன்றாவது பழைய வகை: குமிழில் வெறும் ஆண்டெனாவும் பெருக்கியும், ரிசீவர் பிளாட்டருக்குள். இந்த வகையில் கோஆக்ஸ் கேபிள், அதாவது நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கேபிள், வரும்.

அடையாளம் கனெக்டரில் தெரியும். நடுவில் ஒரே ஒரு ஊசி, சுற்றிலும் உலோகத் திருகு அல்லது பூட்டு என்றால் அது கோஆக்ஸ், மூன்றாம் வகை. ஐந்து ஊசியுள்ள வட்டக் கனெக்டர் என்றால் என்எம்இஏ 2000 வலையில், அதாவது படகுக் கருவிகள் தரவைப் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கேபிளில், தொங்கும் இரண்டாம் வகை. ஆண்டெனாவிலிருந்து எதுவுமே பின்னால் செருகப்படவில்லை என்றால் முதல் வகை. கீழே வரும் பதில்களில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது இதைப் பொறுத்தது.

4. “சாட்டிலைட் பக்கம்னு ஒண்ணு இருக்காமே? அதுல என்ன பாக்கணும்?”

பெரும்பாலான பிளாட்டர்களில் அமைப்புகள் மெனுவில், ஜிபிஎஸ் அல்லது சாட்டிலைட் என்ற பெயரில் அது இருக்கும். வட்டமாக வரைந்த வானமும், ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு பட்டையும் தெரியும். பட்டையின் உயரம் சிக்னலின் வலிமை. எண்ணாகக் காட்டும் கருவிகளில் 40-க்கு மேல் இருந்தால் நல்ல சிக்னல், 30-க்குக் கீழே போனால் பலவீனம். இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள் வேண்டும். கடல்மட்டத்தில் 3 இருந்தாலும் தட்டுத்தடுமாறி இடம் கிடைக்கும். ஹெச்டிஓபி என்ற எண் 2-க்குக் கீழே இருந்தால் செயற்கைக்கோள்கள் நன்றாகப் பரவியிருக்கின்றன, 5-ஐத் தாண்டினால் இடத்தை நம்ப வேண்டாம்.

முதல் கேள்வியின் நான்கு கோளாறுகளை இந்தப் பக்கம்தான் பிரித்துக் காட்டும். வானத்தின் ஒரு பக்கப் பட்டைகள் மட்டும் குட்டையாக இருந்தால் அந்தப் பக்கம் எதுவோ மறைக்கிறது. எல்லாப் பட்டைகளும் ஒரே சமயத்தில் சரிந்தால் இரைச்சல், அல்லது ஆண்டெனாவுக்கு மின்சாரம் தடைபடுகிறது. பக்கம் முழுக்க வெறுமையாக, ஒரு செயற்கைக்கோள் எண் கூட இல்லாமல் இருந்தால் தரவு வந்து சேரவில்லை. பட்டைகள் எல்லாம் உயரமாக இருந்தும் வரைபடத்தில் படகு இல்லையென்றால், கோளாறு பிளாட்டரின் அமைப்புகளில் இருக்கிறது.

கூடவே ஒரு சோதனை: செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, செயற்கைக்கோள்களைக் காட்டும் செயலி ஒன்றை ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். செல்பேசிக்கும் கிடைக்கவில்லை என்றால் குறை உங்கள் பிளாட்டரில் இல்லை. அந்த இடமே கெட்டிருக்கிறது.

5. “மாசக்கணக்கா கரையில இருந்த படகு. ஆன் பண்ணி அஞ்சு நிமிஷமாச்சு, இன்னும் தேடிக்கிட்டே இருக்கு.”

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதைக் குறிப்பை 30 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. அந்தக் குறிப்பு சுமார் 4 மணி நேரம்தான் செல்லுபடியாகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயப் பட்டியல் முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். நீண்ட நாள் அணைந்திருந்த கருவி, அல்லது லாரியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோன படகின் கருவி, இதையெல்லாம் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். திறந்த வானத்தின் கீழ், படகை நகர்த்தாமல் 20 நிமிடம் விடுங்கள். கொட்டகைக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இதே தாமதம் என்றால், நினைவகத்தைக் காக்கும் உள் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது ஒரு தொல்லைதான், ஆனால் இடம் கிடைத்த பிறகு துல்லியத்தை அது கெடுக்காது.

6. “படகு தரையில நிக்குது, பிளாட்டர் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடல்ல 10 நாட் வேகத்துல ஓடுறதா காட்டுது.”

சிமுலேட்டர் ஆன் ஆகியிருக்கிறது. அமைப்புகளில் சிமுலேட்டர் அல்லது டெமோ என்ற பெயரில் இருப்பதை அணையுங்கள். சில கருவிகளில் முதல் முறை ஆன் செய்யும்போது கேட்கும் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னாலும், ஃபேக்டரி ரீசெட்டுக்குப் பிறகும், கடையில் காட்சிக்கு வைக்கும் டெமோ நிலைக்குப் போய்விடும். வீட்டுக்குள் பயன்படுத்த என்று ஜிபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் தேர்வும் சில கருவிகளில் உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

7. “மேல கூரை இருக்கு. அது மறைக்குமா?”

எதில் செய்த கூரை என்பதைப் பொறுத்தது. கண்ணாடியிழை, துணி, அக்ரிலிக் ஆகியவற்றை ஜிபிஎஸ் சிக்னல் ஓரளவு ஊடுருவும். அலுமினியம், எஃகு, கார்பன் இழை ஆகியவை தடுத்துவிடும். கண்ணாடியிழைக் கூரைக்குள்ளும் உலோகத் தகடோ அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்போ இருக்கலாம், வெளியிலிருந்து தெரியாது. கூரைமேல் பிறகு பொருத்திய சோலார் பலகை, குளிர்சாதன அலகு, மடித்துக் கட்டிய ரப்பர் படகு எல்லாமே மறைப்புதான். நேற்றுவரை வேலை செய்தது இன்று இல்லை என்றால், கூரைமேல் புதிதாக என்ன வந்தது என்று ஏறிப் பாருங்கள்.

ஆண்டெனாக் குமிழுக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. அலுமினியத் துகளோ செம்போ கலந்த பெயின்ட் ஆனால் குமிழ் குருடாகிவிடும்.

8. “அப்போ உயரமா பாய்மரத்து உச்சியில வெச்சுட்டா நல்லதுதானே?”

வேண்டாம். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பத்து மீட்டர் ஏறுவதால் சிக்னலில் எதுவும் கூடாது. படகு ஆடும்போது உச்சி பல மீட்டர் பக்கவாட்டில் வீசும், அந்த அசைவையெல்லாம் ரிசீவர் வேகமாகவும் திசைமாற்றமாகவும் எடுத்துக்கொள்ளும். தாழ்வாக, பின்பக்கக் கம்பியிலோ கூரைமீதோ, எல்லாத் திசையிலும் வானம் தெரியும் இடம்தான் சரி. ராடார் கற்றையின் மட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள். அதற்கு மேலே அல்லது கீழே இருக்கட்டும்.

9. “இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் போகுது.”

ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது பேட்டரியின் வோல்ட்டேஜ் சரிகிறது. 12.6 வோல்ட் இருந்த பேட்டரி, பழசாக இருந்தால், அந்த சில நொடிகளில் 9-க்கும் கீழே போகும். பிளாட்டர் அணைந்து எழாமல் தாக்குப்பிடித்தாலும் ஆண்டெனா அணைந்து எழும். பிளாட்டரின் பவர் கனெக்டரிலேயே, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி முனையில் மட்டும் அளந்தால் முழுச் சரிவும் பிடிபடாது, இடையில் உள்ள வயரிலும் இழப்பு நடக்கிறது. பேட்டரிக்கும் கனெக்டருக்கும் உள்ள வித்தியாசம், கருவி ஓடும்போது, 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மெல்லிய வயர், துருவேறிய ஃபியூஸ் பிடி, தளர்ந்த நெகட்டிவ் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. நெகட்டிவைத்தான் பலர் பார்ப்பதே இல்லை.

நிரந்தரத் தீர்வு, மின்னணுக் கருவிகளை ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து பிரித்துத் தனி பேட்டரிக்கு மாற்றுவது. ஸ்டார்ட் ஆன பிறகும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் சிக்னல் வரவில்லை என்றால் அது வோல்ட்டேஜ் சரிவு இல்லை. 14-ஆம் பதிலைப் பாருங்கள்.

10. “கோஆக்ஸ் கேபிள் நல்லா இருக்கான்னு எப்படிப் பாக்குறது?”

கேபிளின் நடுக்கம்பி வழியாகவே பிளாட்டர் ஆண்டெனாவின் பெருக்கிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பிளாட்டரை அணைத்து, பின்பக்கக் கனெக்டரைக் கழற்றி, மீண்டும் ஆன் செய்து, பிளாட்டர் பக்க நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளவெடுங்கள். பெரும்பாலான கருவிகளில் 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே வரும். பூஜ்யம் என்றால் பிளாட்டரின் உள்ளே கோளாறு, கேபிளைத் தொட வேண்டாம். அளக்கும்போது மல்டிமீட்டர் முனை நடு ஊசியையும் உலோகத்தையும் ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று எல்லாக் கருவியிலும் தாங்காது.

மின்சாரம் சரி என்றால், அதே அளவு கேபிளின் மறுமுனையில், ஆண்டெனாவைக் கழற்றிய இடத்தில், வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. இரு முனையையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் உலோகப் பின்னலுக்கும் இடையே ஓம் அளந்தால் முடிவே இல்லாத மின்தடை காட்ட வேண்டும். சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே தண்ணீர். கனெக்டரின் ஊசி பச்சைக் களிம்பேறியிருந்தால் சுரண்டி மாட்டாதீர்கள். கேபிளை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதுக் கனெக்டர் போடுங்கள். செம்பு கறுத்திருந்தால் இன்னும் வெட்ட வேண்டும், பல சமயம் ஒரு மீட்டர் வரை கறுத்திருக்கும்.

11. “மழை பெஞ்சா மட்டும் போகுதே, மேகம் தடுக்குதா?”

இல்லை. 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜிபிஎஸ் சிக்னலை மேகமும் மழையும் குறிப்பிடும்படி குறைப்பதில்லை. மழையோடு சேர்ந்து போகிறது என்றால், தண்ணீர் எங்கோ இணைப்புக்குள் இறங்குகிறது. குமிழின் அடியில் உள்ள கனெக்டர், கம்பித் தூணின் உள்ளே தேங்கும் நீர், கூரையில் கேபிள் நுழையும் துளை ஆகிய மூன்றையும் பாருங்கள். கேபிள் உள்ளே நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்பின்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும்.

நனைந்த துணிக்கூரையின் கீழ் இருக்கும் முதல் வகைப் பிளாட்டர் இதற்கு விதிவிலக்கு. துணியில் ஊறிய நீர் சிக்னலைக் கொஞ்சம் குறைக்கும், ஏற்கெனவே பட்டைகள் குட்டையாக இருந்தால் அதுவே போதும்.

12. “என்எம்இஏ 2000 சாதனப் பட்டியல்ல ஆண்டெனா பேரே இல்ல.”

பட்டியலில் வேறு சாதனங்கள் தெரிகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். மற்றவை தெரிந்து ஆண்டெனா மட்டும் இல்லையென்றால், அதன் கிளைக் கேபிளும், அது முக்கியக் கேபிளில் சேரும் டி வடிவ இணைப்பும்தான் சந்தேகத்துக்குரியவை. பக்கத்து டி-யில் மாற்றிச் செருகிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். கிளைக் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

எதுவுமே தெரியவில்லை என்றால் மொத்த வலையும் விழுந்திருக்கிறது. வலைக்குத் தனியாக ஒரு ஃபியூஸ் உண்டு, பெரும்பாலும் 3 ஆம்பியர். பிளாட்டர் வேறு வயரில் ஓடுவதால் இது எரிந்தது தெரியாமலே இருக்கும். ஃபியூஸ் சரி என்றால், வலையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, காலியான ஒரு டி-யின் வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும், அதாவது 4-ஆம், 5-ஆம் ஊசிகளுக்கும், இடையே ஓம் அளவெடுங்கள். 60 ஓம் வர வேண்டும். முக்கியக் கேபிளின் இரு முனையிலும் தலா 120 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் மின்தடை) இருப்பதால் இந்த 60. நேராக 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் காணோம், அல்லது கேபிள் நடுவில் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். சில காற்றுமானிகளுக்கு உள்ளேயே டெர்மினேட்டர் இருப்பதால் இது தெரியாமல் நடக்கும். பூஜ்யத்துக்கு அருகில் என்றால் இரு கம்பிகளும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பிறகு மின்சாரத்தைப் போட்டு, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே, 2-ஆம், 3-ஆம் ஊசிகளில், அளக்க வேண்டும். வலையின் கடைசி முனையிலும் 9 வோல்ட்டுக்கு மேல் இருந்தாக வேண்டும். உண்மையில் 11-க்குக் கீழே போனாலே காரணம் தேடுவது நல்லது. வெள்ளைக்கும் கறுப்புக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 2.5 வோல்ட் தெரியும், வெள்ளையில் கொஞ்சம் கூடுதலாக, நீலத்தில் கொஞ்சம் குறைவாக. ஒன்று 0 அல்லது 12-ஐ ஒட்டி நின்றால் ஒரு சாதனம் வலையைப் பிடித்து அமுக்குகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி எது என்று கண்டுபிடியுங்கள். சாதனம் அதிகம் என்றால் தலைகீழாகச் செய்வது வேகம்: பவர் டி, இரண்டு டெர்மினேட்டர், பிளாட்டர், ஆண்டெனா இவற்றோடு மட்டும் வலையைச் சுருக்கி ஓடவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

13. “பட்டியல்ல ஆண்டெனா இருக்கு, ஆனாலும் இடம் வரல.”

பிளாட்டர் வேறு மூலத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறது. ஒரு படகில் இடம் சொல்லும் சாதனங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கும்: பிளாட்டரின் உள் ஆண்டெனா, வெளிக் குமிழ், சுற்றியுள்ள கப்பல்களோடு இடத்தை ரேடியோவில் பகிரும் ஏஐஎஸ் கருவி, ஜிபிஎஸ் உள்ள விஎச்எஃப், செயற்கைக்கோள் திசைகாட்டி. அமைப்புகளில் தரவு மூலம் அல்லது சோர்ஸ் என்ற பகுதியில், இடம் என்பதற்கு எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். போன ஆண்டு கழற்றிப்போட்ட ஆண்டெனாவின் பெயர் அங்கே இன்னும் இருந்து, தேர்வு கையால் செய்யப்பட்டதாகவும் இருந்தால், பிளாட்டர் அதற்காகவே காத்திருக்கும். தானியங்கித் தேர்வுக்கு மாற்றுங்கள், அல்லது இருக்கும் ஆண்டெனாவை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பிளாட்டர் இருந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

வலையில் ஓடும் தரவைக் காட்டும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், பிஜிஎன் (தரவு வகை எண்) 129025-உம் 129029-உம் வருகின்றனவா பாருங்கள். முதலாவது வேகமாக வரும் இடம், இரண்டாவது முழு விவரம். இவை வந்துகொண்டிருந்தால் ஆண்டெனா குற்றமற்றது.

பழைய படகுகளில் இதே வேலையை என்எம்இஏ 0183 வயர் செய்யும். அங்கே தரவு ஓடும் வேகம் இரு பக்கமும் ஒன்றாக, வழக்கமாக நொடிக்கு 4800 பிட்டாக, இருக்க வேண்டும். ஏஐஎஸ் சேர்த்தபோது அந்தப் போர்ட்டை 38400-க்கு மாற்றிவிட்டால் ஜிபிஎஸ் தரவு குப்பையாகத்தான் தெரியும். வயரில் வரும் தரவில் ஆர்எம்சி என்ற பெயருள்ள வாக்கியத்தில் நேரத்துக்கு அடுத்த எழுத்து ‘ஏ’ என்றால் இடம் சரி. ‘வி’ என்றால் வயர் நன்றாக இருக்கிறது, ரிசீவருக்குத்தான் வானம் கிடைக்கவில்லை.

14. “ஒரு விளக்கு போட்டா போகுது, அணைச்சா வருது. இப்படியும் நடக்குமா?”

நன்றாகவே நடக்கும். ஜிபிஎஸ் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது பின்னணி இரைச்சலைவிடவே பலவீனமானது. ரிசீவர் அதைக் கணக்குப் போட்டுத்தான் தோண்டி எடுக்கிறது. மலிவான எல்இடி விளக்கின் மின்சுற்று, 12 வோல்ட்டில் செருகும் செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், டிவி ஆண்டெனாவின் பெருக்கி, இன்ஜினின் ஆல்டர்னேட்டர் ஆகியவை கொட்டும் இரைச்சல், பக்கத்தில் இருந்தால், அதை மூழ்கடிக்கும். எல்இடி விளக்குகள் விஎச்எஃப்பையும் ஏஐஎஸ்ஸையும் கெடுப்பது பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கையே விட்டது.

கண்டுபிடிக்கும் முறை: சாட்டிலைட் பக்கத்தைத் திறந்துவைத்து, பிளாட்டரையும் ஆண்டெனாவையும் தவிர எல்லா ஃபியூஸையும் கழற்றுங்கள். சார்ஜர்களையும் மடிக்கணினியையும் மறக்காமல் பிடுங்குங்கள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பட்டைகளைக் கவனியுங்கள். பட்டைகள் ஒரே சேரச் சரிந்தால் குற்றவாளி அதுதான். அதை ஆண்டெனாவிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளுங்கள், அதன் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள், அல்லது தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக வாங்குங்கள். மலிவு சார்ஜருக்கு மூன்றாவதுதான் எங்கள் பரிந்துரை.

விஎச்எஃப்பில் பேசும்போது மட்டும், அதுவும் சில சேனல்களில் மட்டும் போனால், இதைக் கவனியுங்கள்: 157.542 மெகாஹெர்ட்ஸின் பத்து மடங்கு 1575.42. சேனல் 88 கப்பல் பக்கம் 157.425-இல் அனுப்புவதால் அதன் பத்தாம் மடங்கு ஜிபிஎஸ் அலைவரிசையை ஒட்டி விழுகிறது, சேனல் 16-இன் 156.8 அவ்வளவு அருகில் வராது. இரு ஆண்டெனாக்களும் ஒரு மீட்டருக்குள் இருந்தால் பிரித்து வையுங்கள். 1616 முதல் 1660 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும் இரிடியம், இன்மார்சாட் கருவிகளுக்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும்.

15. “துறைமுகத்துக்குள்ள மட்டும் வரமாட்டேங்குது. வெளிய வந்தா உடனே வந்துடுது.”

உயரமான கட்டடம், கிரேன், பக்கத்தில் நிற்கும் பெரிய கப்பலின் எஃகுச் சுவர் ஆகியவை வானத்தை மறைக்கும், சிக்னலைத் திருப்பியடித்து இடத்தையும் தள்ளிக் காட்டும். அது ஒரு பக்க மறைப்பாகத் தெரியும். எல்லாப் பட்டைகளும் விழுந்தால், உங்கள் படகில் எல்லாவற்றையும் அணைத்தும் சரியாகவில்லை என்றால், இரைச்சல் பக்கத்துப் படகிலிருந்து வரலாம். 2001-இல் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகம் முழுவதும் ஜிபிஎஸ் செயலிழந்தது. தேடிப் பிடித்தபோது காரணம், பெருக்கி உள்ள சாதாரண டிவி ஆண்டெனாக்கள்.

16. “நங்கூரம் போட்டு நிக்கிறேன், திரையில படகு சுத்திச்சுத்தி திரும்புது.”

சிக்னல் நன்றாக இருக்கிறது. ஜிபிஎஸ் நகர்வைத்தான் அறியும், படகின் முகம் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. நகராதபோது சில மீட்டர் தள்ளாட்டத்தையே திசையாக எடுத்துக்கொள்கிறது. நிற்கும்போதும் முகத்திசை வேண்டுமென்றால் மின்னணுத் திசைகாட்டி சேர்க்க வேண்டும்.

17. “சிக்னல் முழுசா இருக்கு, ஆனா படகு கரைமேல ஏறி நிக்கிற மாதிரி காட்டுது.”

டேட்டம் அமைப்பை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் அளப்பது என்பதை, பாருங்கள். டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். வேறு எதாவது இருந்தால் இடம் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகும். டேட்டம் சரி என்றால் வரைபடத்தைச் சந்தேகியுங்கள். செயற்கைக்கோள் காலத்துக்கு முன் அளந்த கடற்கரைகள் பல, மின்னணு வரைபடத்திலும் அதே பிழையோடுதான் இருக்கின்றன. அதே இடத்தில் செல்பேசியும் அதே அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொன்னால் ஜிபிஎஸ்ஸில் பிழை இல்லை.

18. “இடம் சரியா இருக்கு, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால காட்டுது.”

ஜிபிஎஸ் பழைய சமிக்ஞையில் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணுகிறது. 1024 வாரம், அதாவது சுமார் 19.6 ஆண்டு, முடிந்ததும் மீண்டும் 0. இது 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் நடந்தது, அடுத்தது 2038 நவம்பரில். ஆனால் ஒவ்வொரு ரிசீவரும் தன் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) எழுதிய நாளிலிருந்து எண்ணலாம் என்பதால், உங்கள் கருவி இடையில் ஏதோ ஒரு சாதாரண நாளில் தடுமாறக்கூடும். தயாரிப்பாளர் புது ஃபர்ம்வேர் தந்திருந்தால் ஆண்டெனாவுக்கும் சேர்த்துப் போடுங்கள், பிளாட்டருக்கு மட்டும் போட்டால் போதாது. தராத பழைய கருவி என்றால் இடத்துக்குப் பயன்படுத்தலாம். ஓத நேரங்களையும் சூரிய உதயத்தையும் அதில் பார்க்காதீர்கள், தேதி தவறினால் அவையும் தவறு.

19. “ஃபேக்டரி ரீசெட் பண்ணிடவா?”

சேமித்த இடங்களையும் பாதைகளையும் முதலில் மெமரி கார்டில் எடுத்துவைத்துவிட்டு, மேலே உள்ளவற்றில் 4, 6, 13 மூன்றையும் பார்த்த பிறகு செய்யுங்கள். ரீசெட் அமைப்புக் கோளாறை மட்டுமே சரிசெய்யும். களிம்பேறிய ஊசியைச் சரிசெய்யாது. அதற்குப் பிறகு ஆழமானியின் ஆழத் திருத்தத்தை மறுபடியும் பதிய மறக்காதீர்கள்.

20. “ஜாமிங், ஸ்பூஃபிங்ங்கிறாங்களே, அதுவா இருந்தா எப்படித் தெரியும்?”

ஜாமிங் என்றால் இரைச்சலால் அமுக்குவது. 14-ஆம் பதிலில் சொன்ன அதே அறிகுறிதான், ஆனால் உங்கள் படகில் எதை அணைத்தாலும் போகாது, செல்பேசியும் தவிக்கும், சுற்றியுள்ள படகுகளும் ரேடியோவில் புலம்பும். ஸ்பூஃபிங், அதாவது போலி சிக்னலால் ஏமாற்றுவது, இன்னும் மோசம், ஏனென்றால் எச்சரிக்கை எதுவும் வராது. பட்டைகள் உயரமாகவே இருக்கும், இடம் மட்டும் பொய். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே 20-க்கும் மேற்பட்ட கப்பல்கள், கரைமேல் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் கருவியில் கண்டன.

நம்பக்கூடிய சோதனைகள் எல்லாம் ஜிபிஎஸ்ஸுக்கு வெளியே இருப்பவை. ஆழமானி வரைபடத்தோடு பொருந்துகிறதா? ராடாரில் தெரியும் கரை வரைபடக் கரைமேல் உட்காருகிறதா? நீர்வேகமானியும் ஜிபிஎஸ் வேகமும் நீரோட்டத்தால் விளக்க முடியாத அளவு விலகுகின்றனவா? ஏஐஎஸ்ஸில் பல கப்பல்கள் ஒரே புள்ளியில் குவிந்திருக்கின்றனவா? இவற்றில் இரண்டு ஒத்துவரவில்லை என்றால் 2-ஆம் பதிலில் சொன்னபடி கணக்குக்கு மாறிவிடுங்கள். ஜிபிஎஸ் போன்ற பிற நாடுகளின் அமைப்புகளான கலிலியோ, பெய்டோ, குளோனாஸ் எல்லாவற்றையும் எடுக்கும் ரிசீவர் கொஞ்சம் உதவும். கலிலியோவின் முக்கிய அலைவரிசை ஜிபிஎஸ்ஸினுடையதேதான், குளோனாஸ் 1602 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் குறுகிய ஜாமிங்கில் சில சமயம் தப்பிக்கும்.

21. “ரெண்டாவதா ஒரு ஆண்டெனா மாட்டினா போதுமா?”

முதலாவதன் அதே வலையில், அதே ஃபியூஸில், அதே கூரையில் மாட்டினால் ஆண்டெனா கெட்டால் மட்டுமே அது உதவும். 12-ஆம் பதிலில் சொன்னபடி வலை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மாற்று என்பது தனி மின்சாரத்தில் ஓட வேண்டும்: சொந்த பேட்டரி உள்ள கைக்கருவி, அல்லது வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்த டேப்லெட். சிம் வசதி இல்லாத, வைஃபை மட்டும் உள்ள சில டேப்லெட்டுகளில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. வலைத்தொடர்பை அணைத்துவிட்டு, கரையில் இருக்கும்போதே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.